சர்வரை விட்டு வீட்டுக்கு வந்த கேம்

2024 மே 31 அன்று ‘வேஃபைண்டர்’ என்ற வீடியோ கேம் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அது வெளியாகி ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. சர்வரோடு இணைந்தால் மட்டுமே ஓடும் கேம் ஒன்று இப்படி விற்பனையிலிருந்து போனால், அடுத்து என்ன வரும் என்பது ஆடிப் பழகியவர்களுக்குத் தெரியும். சர்வர் நிற்கப்போகும் தேதி வரும், ஒரு நன்றி அறிவிப்பு வரும், அதோடு கதை முடியும். ஆனால் அன்று வந்த செய்தி வேறு. ஜூன் 11 அன்று கேம் மறுபடியும் கடைக்கு வரும். வரும்போது அது ஆன்லைன் கேமாக இருக்காது. இணையம் இல்லாமல் தனியாக ஆடலாம். துணை வேண்டுமென்றால் மொத்தம் மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். உள்ளே காசு கேட்கும் கடை எதுவும் இருக்காது.

முடிந்துபோகவேண்டிய இடத்தில் ஒரு கேம் உருமாறி எழுந்து நிற்பது அபூர்வம். அது எங்கிருந்து வந்தது, எதை இழந்தது, எதைக் காப்பாற்றிக்கொண்டது என்று தொடர்ந்துபோய்ப் பார்த்தால், இன்று காசு கொடுத்து நாம் ‘வாங்கும்’ பல டிஜிட்டல் பொருள்களின் நிலையும் விளங்கும்.

இதை உருவாக்கியது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் இயங்கும் ஏர்ஷிப் சிண்டிகேட். 2014இல் தொடங்கப்பட்ட சிறிய ஸ்டுடியோ. நிறுவியவர்களில் ஒருவர் ஜோ மடுரெய்ரா. 1990களில் மார்வெலின் ‘அன்கேனி எக்ஸ்-மென்’ காமிக்ஸுக்கு வரைந்து பெயர் பெற்றவர். ஜப்பானிய மாங்கா ஓவியத்தின் துள்ளலை அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்குள் கொண்டுவந்தவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. 1998இல் ‘பேட்டில் சேசர்ஸ்’ என்ற சொந்தக் காமிக்ஸைத் தொடங்கினார். 9 இதழ்கள் வந்தன. 2001இல் கதை பாதியில் நிற்க, தொடரும் நின்றுபோனது. 10ஆவது இதழ் வெளிவந்தது 2023இல்தான்.

காமிக்ஸிலிருந்து கேமுக்கு வந்த மடுரெய்ரா, 2005இல் டேவிட் ஆடம்ஸுடன் சேர்ந்து ஆஸ்டினில் ‘விஜில் கேம்ஸ்’ ஸ்டுடியோவை நிறுவினார். 2010இல் ‘டார்க்சைடர்ஸ்’, 2012இல் அதன் இரண்டாம் பாகம் என்று இரண்டு நல்ல கேம்கள் அங்கிருந்து வந்தன. அதே ஸ்டுடியோவில் ‘வார்ஹாமர் 40,000: டார்க் மில்லினியம் ஆன்லைன்’ என்ற மாபெரும் ஆன்லைன் கேமும் உருவாகிக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் ஸ்டுடியோவின் உரிமையாளரான டிஎச்க்யூ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அந்த கேம் பெருங்கூட்டம் கூடும் ஆன்லைன் உலகமாக வராது, தனியாக ஆடும் பகுதியும் சிலர் சேர்ந்து ஆடும் பகுதியும் கொண்ட கேமாக மாற்றப்படும். விஜிலில் பலர் வேலை இழந்தார்கள். மாற்றப்படவிருந்த கேமோ வெளியாகவே இல்லை. அந்த டிசம்பரில் டிஎச்க்யூ திவாலானது. 2013 ஜனவரியில் நடந்த ஏலத்தில் விஜிலை எடுத்துக்கொள்ள யாரும் முன்வராததால் ஸ்டுடியோ மூடப்பட்டது.

ஆகவே, ஆன்லைன் கேமைச் சுருக்கி வீட்டுக்குள் ஆடும் கேமாக மாற்றும் யோசனை அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. முதல் முறை அது கைகூடவில்லை. விஜிலில் இருந்த சிலர் பின்னர் ஏர்ஷிப்பைத் தொடங்கியபோது, பாதியில் நின்ற ஒரு காமிக்ஸின் நினைவும், வெளிவராத ஒரு கேமின் நினைவும் அவர்களோடு வந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஏர்ஷிப்பின் முதல் வேலை அந்தப் பாதியில் நின்ற காமிக்ஸின் உலகத்துக்கே திரும்பியது. 2015இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக ரசிகர்களிடம் பணம் திரட்டி, 2017இல் ‘பேட்டில் சேசர்ஸ்: நைட்வார்’ வெளியிட்டார்கள். 2019இல் ‘டார்க்சைடர்ஸ் ஜெனிசிஸ்’. 2021இல், ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ உலகில் நடக்கும் ‘ரூயின்ட் கிங்’. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: வாங்கினால் போதும், ஆடலாம். எந்த சர்வரும் அனுமதி கொடுக்கவேண்டியதில்லை. ‘ஜெனிசிஸ்’ கேமில் இரண்டு பேர் ஒரே சோஃபாவில் உட்கார்ந்து, ஒரே திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆடலாம். இந்த ஸ்டுடியோவின் கைத்திறன் அத்தகைய கேம்களில்தான் தேறியது.

நான்காவது வேலையில் பாதை மாறியது. 2022 டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் வேஃபைண்டர் அறிவிக்கப்பட்டது. வெளியிடும் பொறுப்பை ஏற்றது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் உள்ள டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ். 2013இல் வெளியான ‘வார்ஃப்ரேம்’ என்ற இலவச ஆன்லைன் கேமைப் பத்தாண்டுகளாக வெற்றிகரமாக நடத்திவந்த நிறுவனம் அது. இலவசமாகக் கொடு, உள்ளே உடை, ஆயுதம், அலங்காரம் விற்று நடத்து, மாதந்தோறும் புதிதாக ஏதாவது சேர் என்ற வழியை அதைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அழகாக வரையத் தெரிந்த சிறு ஸ்டுடியோவும் ஆன்லைன் நடத்தத் தெரிந்த அனுபவசாலியும் கைகோத்தது, அன்று பார்த்தவர்களுக்குப் பொருத்தமாகவே தெரிந்தது.

கேமின் உலகத்துக்கு எவனோர் என்று பெயர். குளூம் என்ற இருள் அதை விழுங்கிவிட்டது. அந்த இருளோடு போரிடுகிறவர்கள்தான் வேஃபைண்டர்கள். வாளும் கேடயமும் ஏந்திய விங்ரேவ், நிழலுக்குள் மறைந்து தாக்கும் நிஸ், துப்பாக்கிக்காரர் சைலோ, மந்திரம் வீசும் கைரோஸ், அரங்கச் சண்டை வீராங்கனை சென்ஜா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், ஒரு நடை. கதாபாத்திரங்களிலும் கட்டடங்களிலும் மடுரெய்ராவின் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். ஸ்கைலைட் என்ற நகரத்தில் ஆட்டக்காரர்கள் கூடுவார்கள். அங்கிருந்து திறந்தவெளிக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் எதிர்ப்படுவார்கள். ஆனால் உண்மையான சண்டை நடக்கும் இடங்களுக்குள், இருண்ட குகைகளுக்கும் பெரும் மிருகங்களை வேட்டையாடும் களங்களுக்கும், மூன்று பேர்தான் போகமுடியும். இந்த மூன்று என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமைப் பின்னால் காப்பாற்றியது அதுதான்.

2023 ஆகஸ்டில் கணினியிலும் பிளேஸ்டேஷனிலும் எர்லி ஆக்சஸ் தொடங்கியது. முழுமையடையாத நிலையிலேயே ஆடக் கொடுத்து, ஆடுகிறவர்களின் கருத்தைக் கேட்டு வளர்க்கும் முறை. முழு வடிவம் வரும்போது இலவசமாகிவிடும் என்றும், முன்கூட்டியே வர விரும்புகிறவர்கள் ‘ஃபவுண்டர்ஸ் பேக்’ வாங்கி வரலாம் என்றும் திட்டம். வாங்கியவர்கள் வந்தார்கள். சர்வர் தாங்கவில்லை. முதல் நாள்களில் நீண்ட வரிசையில் காத்திருப்பதும், உள்ளே போனபின் இணைப்பு அறுந்து வெளியே விழுவதும்தான் பலரின் அனுபவம். காசு கொடுத்தவர்களின் கோபம் விமர்சனங்களில் கொட்டியது. சண்டை நன்றாக இருக்கிறது, உலகம் அழகாக இருக்கிறது, ஆனால் உள்ளே போகமுடியவில்லை என்ற குறை ஒரு கேமுக்கு எவ்வளவு கொடியது என்பதை, அதை ஆண்டுக்கணக்கில் உழைத்து வரைந்தவர்களின் இடத்திலிருந்து யோசித்துப் பார்க்கவேண்டும்.

சர்வர் பிறகு சீரானது. அடுத்த அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. சில மாதங்களில், அந்த ஆண்டு முடிவதற்குள், டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் பிறருடைய கேம்களை வெளியிடும் பிரிவை மூட முடிவெடுத்தது. வேஃபைண்டரை நடத்தும் முழுப் பொறுப்பும் ஏர்ஷிப்பின் கைக்கு வந்தது. சர்வர் வாடகை, ஆட்டக்காரர் உதவி, கடை, விளம்பரம், மாதாமாதம் புதுச் சரக்கு என அத்தனையும் ஒரு சிறு ஸ்டுடியோவின் தலையில்.

ஆன்லைன் கேமின் செலவுக்கு ஒரு குணம் உண்டு. விற்றாலும் விற்காவிட்டாலும், ஆடுகிறவர்கள் கூடினாலும் குறைந்தாலும், சர்வர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆடுகிறவர்கள் குறையக் குறைய, இருப்பவர்களுக்குத் துணை கிடைக்காது. துணை கிடைக்காததால் இன்னும் சிலர் போவார்கள். இந்தச் சரிவில் சிக்கிய கேம்கள் மீள்வது கடினம். ஏர்ஷிப்பின் முன்னால் இருந்த சுலபமான வழி, நாள் குறித்து சர்வரை நிறுத்துவது. சட்டப்படி அதைத் தடுக்க எதுவும் இல்லை. உலகமெங்கும் அப்படித்தான் நடக்கிறது. அவர்கள் கடினமான வழியை எடுத்தார்கள்.

அது ஏன் கடினம் என்று புரிய, ஆன்லைன் கேம் ஒன்று எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பொத்தானை அழுத்தி வாள் வீசுகிறீர்கள். உங்கள் கணினி அந்த வீச்சைத் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். வாள் எதிரிமேல் பட்டதா, எவ்வளவு காயம், எதிரி செத்தானா, செத்தபோது என்ன பொருள் விழுந்தது என்பதையெல்லாம் முடிவு செய்வது தொலைவில் இருக்கும் சர்வர். உங்கள் கதாபாத்திரமும் அதன் பையும்கூட உங்களிடம் இல்லை. அவை சர்வரின் தகவல் தளத்தில் சில வரிகள். ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கவும், காசுக்கு விற்கும் பொருள்களைக் காக்கவும் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. அதனால்தான் சர்வரை நிறுத்தினால் கேம் முழுதும் நின்றுபோகிறது. வட்டில் இருப்பதும் நீங்கள் இறக்கி வைத்திருப்பதும் பெரும்பாலும் படங்களும் ஒலிகளும்தான். முடிவெடுக்கும் மூளை வேறிடத்தில் இருக்கிறது.

இத்தகைய கேமை ஆஃப்லைனாக மாற்றுவது என்றால் அந்த மூளையை ஆடுகிறவரின் கணினிக்குள் கொண்டுவருவது. காயத்தையும் பொருளையும் இனி வீட்டிலிருக்கும் மெஷினே கணக்கிட வேண்டும். ஆட்டத்தின் நிலை அந்த மெஷினிலேயே சேமிக்கப்பட வேண்டும். மூன்று பேர் சேர்ந்தால், ஒருவருடைய மெஷின் நடுவராக நின்று மற்ற இருவரையும் இணைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கானோரை வரிசைப்படுத்தும் ஏற்பாடு தேவையில்லை, நண்பரை அழைக்கும் ஒரு வழி போதும். ஏமாற்றுவதைத் தடுக்கும் காவலும் பெரும்பாலும் தேவையற்றுப் போகிறது. தன் வீட்டில் தன் ஆட்டத்தில் ஒருவர் ஏமாற்றினால் யாருக்கு நஷ்டம்?

பொறியியலைவிட நுணுக்கமான வேலை இன்னொன்று. இலவச ஆன்லைன் கேமின் அளவுகள் எல்லாமே ஒரு நோக்கத்தோடு அமைந்தவை: ஆடுகிறவர் நாளையும் வரவேண்டும், நாளை மறுநாளும் வரவேண்டும், பொறுமை தீர்ந்தால் காசு கொடுக்கவேண்டும். ஆகவே அரிய பொருள் அரிதாகவே விழும். புதிய கதாபாத்திரம் கிடைக்க நெடுநேரம் உழைக்கவேண்டும். கடையை எடுத்துவிட்டு இந்த அளவுகளை அப்படியே விட்டால் மிஞ்சுவது சலிப்பு மட்டும்தான். விழும் பொருள், எதிரியின் பலம், கதாபாத்திரம் வளரும் வேகம் அனைத்தையும் மறுபடி எடைபோட வேண்டும். தனியாள் தோற்கடிக்கக்கூடிய எதிரி மூவருக்கும் சவாலாக இருக்கவேண்டும்.

‘எக்கோஸ்’ என்று பெயரிடப்பட்ட அந்தப் புதிய பதிப்பில் ஏர்ஷிப் இந்த வேலையைச் செய்தது. காசுக்கு விற்றவை எல்லாம் ஆடியே பெறக்கூடியவையாக மாறின. ஆயுதமும் கவசமும் விழும் முறை புதிதாக அமைக்கப்பட்டது. கடினநிலையை ஆடுகிறவரே தேர்ந்தெடுக்க முடிந்தது. விலை ஒரே விலை, 24.99 டாலர். முன்பே காசு கொடுத்தவர்கள் மீண்டும் கொடுக்கவேண்டியதில்லை. 2024 ஜூன் 11இல் திரும்பிவந்த கேம், அக்டோபர் 21இல் முழு வடிவம் பெற்று எர்லி ஆக்சஸிலிருந்து வெளியேறியது. ஓராண்டுக்கு முன்பு கோபம் கொட்டிய விமர்சனப் பகுதியில் பாராட்டுகள் வரத் தொடங்கின. அதே சண்டை, அதே உலகம், அதே கோடுகள். இம்முறை கதவு திறந்திருந்தது.

இழப்பே இல்லை என்று சொல்லமுடியாது. ஸ்கைலைட் நகரத்தின் கூட்டம் போய்விட்டது. தெருமுனையில் அரிய கவசத்தோடு நிற்கும் முகம் தெரியாத ஒருவரைப் பார்த்து வியப்பதும், திறந்தவெளியில் நீங்கள் தோற்கப்போகும் நேரத்தில் யாரோ ஓடிவந்து கைகொடுப்பதும் ஆன்லைன் உலகுக்கு மட்டுமே உரிய இன்பங்கள். அவற்றுக்காக வந்தவர்கள் ஏமாற்றமடைந்தார்கள், அது நியாயமானது. இலவசமாக வரும் என்ற பழைய வாக்குறுதியும் கைவிடப்பட்டது. ஏர்ஷிப் தேர்ந்தெடுத்தது, ஊரை விட்டுக்கொடுத்து மூன்று பேரைக் காப்பாற்றும் வழி. அந்த கேமின் ஆட்டம் எல்லாமே முதலிலிருந்தே மூவருக்காக வடிவமைக்கப்பட்டிருந்தது. ஊர் அதைச் சுற்றி எழுப்பிய கூடாரம். கூடாரத்தைப் பிரித்த பிறகும் உள்ளிருந்தது குலையாமல் நின்றது என்றால், அது நல்ல வடிவமைப்பின் சான்று.

இப்படி ஒரு வழி வாய்த்த கேம்கள் வேறு சிலவும் உண்டு. ஏர்ஷிப்பின் அறிவிப்பு வந்த அதே நாள்களில், அதே ஆஸ்டின் நகரில், ‘ரெட்ஃபால்’ என்ற கேமுக்கும் கடைசி அப்டேட் வந்தது. அதை உருவாக்கிய ஆர்கேன் ஆஸ்டின் ஸ்டுடியோவை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் மே 7 அன்று அறிவித்திருந்தது. அந்தக் கடைசி அப்டேட்டில் ஆஃப்லைன் வசதியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் அந்த டெவலப்பர்கள் விலகினார்கள். வேலை போகும் நேரத்தில், தங்கள் கேமை வாங்கியவர்களுக்காக அவர்கள் செய்த அந்த மரியாதை மறக்கக்கூடாதது. அதற்கு முந்தைய ஆண்டு, ‘நாக்அவுட் சிட்டி’ கேமின் சர்வர்களை நிறுத்திய வெலன் ஸ்டுடியோஸ், ஆடுகிறவர்கள் தாங்களே சர்வர் வைத்து நடத்திக்கொள்ளும் பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனது. ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ 2024 ஜனவரி இறுதியில் சர்வர் நின்றபோது, பெரும்பகுதி ஆஃப்லைனில் ஆடும்படி மாற்றப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கிய ‘பாபிலன்ஸ் ஃபால்’ 2022 மார்ச்சில் வந்து 2023 பிப்ரவரியில் மறைந்தது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களிடம் இன்று ஒன்றும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து பறந்து சண்டையிடும் ‘ஆன்தம்’ கேமுக்கு, 2026 ஜனவரி 12ஐக் கடைசி நாளாக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் குறித்தது. வேஃபைண்டரைவிடப் பன்மடங்கு பணமும் ஆள்பலமும் கொண்டு செய்யப்பட்ட கேம் அது. அதற்கு ஆஃப்லைன் வடிவம் தரப்படவில்லை. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ கார் பந்தய கேம் 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டபோது, தனியாக ஓட்டும் பகுதியும் சேர்ந்தே போனது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்திருந்த அந்தப் பெரிய வரைபடத்தில், யாருமில்லாமல் தனியாக ஊர் சுற்றுவதற்குக்கூட யூபிசாஃப்ட் வழி விட்டுவைக்கவில்லை.

‘தி க்ரூ’ கிளப்பிய கோபத்திலிருந்துதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் பிறந்தது. ராஸ் ஸ்காட் என்ற யூட்யூபர் 2024 ஏப்ரலில் தொடங்கிய இயக்கம் அது. அதன் கோரிக்கை எளிமையானது: ஆதரவை நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுச்செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவாக அது வைக்கப்பட்டது. 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், டிஜிட்டல் பொருளை விற்கிறவர்கள் தாங்கள் கொடுப்பது உரிமம் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. நிரந்தரமாக இறக்கிவைத்து ஆஃப்லைனில் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. எது கைக்கு வந்தது, எது வரவில்லை என்பதைச் சட்டமும் இந்தக் கோட்டில்தான் பிரித்துப் பார்க்கிறது.

ஒவ்வொரு கேமையும் இப்படி மாற்றமுடியாது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் உண்மை உண்டு. நூறு பேர் மோதினால்தான் ஆட்டமாகும் கேமை மூன்று பேருக்குச் சுருக்கினால் அது வேறு பொருளாகிவிடும். பிறரிடம் உரிமம் பெற்ற மென்பொருள், பாட்டு, கார்களின் பெயர் என்று சட்டச் சிக்கல்களும் இருக்கின்றன. ஆனால் மிகச் சிரமம் என்ற வாதத்துக்கு வேஃபைண்டர் நேரடியான பதில். பெரிய பப்ளிஷரை இழந்த ஒரு சிறு ஸ்டுடியோ, கேமை வாழவைத்தபடியே, ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் அதன் அடித்தளத்தையே மாற்றிக் கொடுத்தது. முடிந்தவர்கள் யார், முடியாதவர்கள் யார் என்பதைப் பணம் தீர்மானிக்கவில்லை. ஆடுகிறவருக்குத் தாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் இருந்ததா இல்லையா என்பதுதான் தீர்மானித்தது.

இதிலிருந்து டெவலப்பர்கள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒரு கேமைத் தொடங்கும் அன்றே, அதன் கடைசி நாளுக்கும் ஒரு வடிவம் வரைந்து வைத்துக்கொள்ளலாம். சர்வருக்குள் எதை வைக்கிறோம், எதை ஆடுகிறவரின் மெஷினில் வைக்கிறோம் என்பது முதல் மாதத்தில் எடுக்கும் முடிவு. அன்று யோசித்தால் சிறிய செலவு. ஐந்தாண்டு கழித்து யோசித்தால் ஸ்டுடியோவையே பணயம் வைக்கவேண்டி வரும். ஏர்ஷிப் அந்த ஆபத்தை எடுத்து வென்றது என்பதற்காக எல்லோரும் அதே ஆபத்தை எடுக்கவேண்டியதில்லை, முன்கூட்டியே திட்டமிட்டால் போதும்.

ஆடுகிறவர்களும் ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். வாங்கும் முன் விலையைப் பார்க்கிறோம், படத்தைப் பார்க்கிறோம், விமர்சனத்தைப் படிக்கிறோம். இணையத்தைத் துண்டித்தால் இது ஓடுமா என்றும் கேட்போம். கேட்கிறவர்கள் பெருகினால் செய்கிறவர்களும் கேட்கத் தொடங்குவார்கள். வேஃபைண்டரை இன்று வாங்குகிறவருக்கு அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அது ஓடும். அவர் தனியாகவோ, இரண்டு நண்பர்களோடோ, தனக்கு நேரம் வாய்க்கும் நாளில் ஆடலாம். அதை இனி எந்த நிறுவனத்தின் வரவுசெலவும் அவரிடமிருந்து பறிக்காது.